வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

(பெருமந்தக் காலத்து மூன்று நாவல்கள்: ஒரு திறனாய்வு)

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பது நம் பெரியவர்கள் சொல்லிவைத்த பழமொழி. வரவு சுருங்கும்போது செலவையும் சுருக்கிக்கொள்ளும் இல்லறத்தானை உலகம் விவேகி என்று பாராட்டும். கடன் வாங்கிக் களிப்பவனை ஊதாரி என்று இகழும். இந்த நீதி ஒரு வீட்டுக்குப் பொருந்தும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இதே நீதியை ஒரு நாட்டின் அரசாங்கம் தன் கருவூலத்துக்கு அப்படியே எடுத்துப் பொருத்தினால் என்ன நேரும்? இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் இந்தக் கேள்விக்கு ஒரு கொடிய விடையை எழுதிவைத்துப் போயிருக்கிறது.

அந்த விடையைப் பொருளியல் அறிஞர்கள் அட்டவணைகளில் காட்டுகிறார்கள். அட்டவணை பொய் சொல்லாது. ஆனால் அது அழுவதும் இல்லை. ஓர் அரசாங்க ஆணை அமைச்சரவை மேசையிலிருந்து புறப்பட்டு, படிப்படியாக இறங்கி, ஓர் ஏழையின் அடுப்பங்கரைக்கு வந்து சேரும்போது என்ன உருவம் கொள்கிறது என்பதை நமக்குச் சொல்லக்கூடியது இலக்கியம் ஒன்றுதான். அந்தப் பணியைச் செய்த மூன்று நாவல்களை இங்கே ஒருசேர வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஜெர்மனியின் ஹான்ஸ் ஃபல்லாடா 1932-இல் வெளியிட்ட ‘சின்ன மனிதனே, இனி என்ன?’, இங்கிலாந்தின் வால்ட்டர் கிரீன்வுட் 1933-இல் வெளியிட்ட ‘உதவித்தொகையில் ஒரு காதல்’, அமெரிக்காவின் ஜான் ஸ்டைன்பெக் 1939-இல் வெளியிட்ட ‘சினத்தின் திராட்சைகள்’ ஆகியனவே அவை. நாடு வேறு, மொழி வேறு, மூவரின் கலைத்திறனும் வேறு. எனினும் மூன்று கதைகளிலும் ஒரு குடும்பம் உட்கார்ந்து காசை எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கை முன்வைத்தே இவற்றை மதிப்பிட முயல்கிறேன்.

புயல் வந்த வழி

கதைகளுக்குள் நுழையுமுன் காலத்தைச் சற்றே நினைவுகூர்வோம். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1930 ஜூனில் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தின் மூலம் இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது. வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியல் அறிஞர்கள் மனுக்கொடுத்தும், அதிபர் ஹூவர் அதில் கையெழுத்திட்டார். பிற நாடுகளும் பதிலுக்குச் சுங்கச் சுவர்களை எழுப்பின. 1931 மே மாதம் வியன்னாவின் பெரு வங்கியான கிரெடிட்-அன்ஸ்டால்ட் நிலைகுலைந்தது. ஜூலையில் ஜெர்மனியின் டனாட் வங்கி கதவடைத்தது. செப்டம்பர் 21-இல் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்தோடு பிணைத்திருந்த கட்டை அறுத்துக்கொண்டது. 1933-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. இந்தப் புயல் கடல் கடந்து நம்மவரையும் தொட்டது. இரப்பர் விலை வீழ்ந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாகத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இந்நிலையில் அரசாங்கங்கள் கைக்கொண்ட முதல் மருந்து ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் ஒன்றாகவே இருந்தது: வரவு குறைந்துவிட்டது, ஆகவே செலவைக் குறை, வரியைக் கூட்டு, நாணயத்தின் மதிப்பைக் காப்பாற்று. அதாவது, இல்லறத்தானின் விவேகம். ஒருவன் செலவிடுவதே இன்னொருவனுக்கு வருவாய் என்பதும், எல்லாரும் ஒரே சமயத்தில் கையை இறுக்கினால் எல்லாருடைய வருவாயும் ஒருசேர வற்றும் என்பதும் அன்றைய நிதியமைச்சர்களுக்கு ஏற்புடைய கருத்தாக இல்லை. கெய்ன்ஸ் தம் பெருநூலை வெளியிட்டது 1936-இல்தான். அதற்குள் நடக்க வேண்டிய கேடுகள் பெரும்பாலும் நடந்து முடிந்திருந்தன.

பின்னபெர்க்கின் பட்டியல்

ஃபல்லாடாவின் இயற்பெயர் ருடால்ஃப் டிட்சன். அவர் படைத்த பின்னபெர்க் ஒரு சாதாரண எழுத்தர். பிறகு பெர்லின் நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனையாளன். அவன் மனைவியை அவன் ‘லெம்ஷென்’, அதாவது ஆட்டுக்குட்டி என்று செல்லமாக அழைக்கிறான். மணமான புதிதில் இருவரும் உட்கார்ந்து மாதச் செலவுக்கு ஒரு பட்டியல் போடுகிறார்கள். வாடகைக்கு இவ்வளவு, விறகுக்கும் கரிக்கும் இவ்வளவு, இறைச்சிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு காசுக்கும் ஓரிடம் ஒதுக்குகிறார்கள். உலக இலக்கியத்தில் ஒரு வரவு செலவுப் பட்டியல் இத்தனை நெஞ்சை உருக்குவது அபூர்வம். ஏனெனில் வாசகனுக்கு அது பொருந்தாது என்று தெரிகிறது. அவர்களுக்கோ அது பொருந்தியே ஆக வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டுகளில் பெர்லின் நகரில் இன்னொருவரும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் 1930 மார்ச்சில் பதவியேற்ற பிரதமர் ஹைன்ரிச் புரூனிங். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை கிட்டாதபோது, அரசமைப்பின் 48-ஆம் விதியின்கீழ் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் கையொப்பத்தோடு அவசரச் சட்டங்களைப் பிறப்பித்து அவர் ஆட்சி நடத்தினார். அரசு ஊழியர் ஊதியம் மீண்டும் மீண்டும் வெட்டப்பட்டது. வேலையில்லாதோர் உதவி சுருக்கப்பட்டது. 1931 டிசம்பர் அவசரச் சட்டம் கூலியை 1927 ஜனவரியில் இருந்த அளவுக்கு இறக்கியது. 1932-இன் தொடக்கத்தில் வேலையில்லாதோராகப் பதிவு செய்துகொண்டவர்களே 60 இலட்சத்தைத் தாண்டினர்.

புரூனிங் கொடியவர் அல்லர். அவரும் அவருடைய மக்களும் 1923-ஐ மறக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் ஒரு டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் சேமிப்பு ஒரு ரொட்டிக்கும் ஆகாமல் போன அந்த அனுபவம், பணத்தைத் தளர விடுவது என்ற எண்ணத்தையே ஒரு பாவமாக்கி வைத்திருந்தது. போர் இழப்பீட்டுக் கடன் ஒருபுறம் கழுத்தை நெரித்தது. வெளிநாட்டில் கடன் தருவார் இல்லை. புரூனிங்குக்கு வேறு வழியே இருக்கவில்லை என்று 1979-இல் க்னுட் போர்ஷார்ட் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் வாதிட்டார். அந்த வாதம் இன்றும் முடியவில்லை. வழி இருந்ததோ இல்லையோ, நடந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. 1928-இல் 2.6 விழுக்காடு வாக்குப் பெற்ற நாஜிக் கட்சி 1930 செப்டம்பரில் 18.3 விழுக்காடும், 1932 ஜூலையில் 37 விழுக்காட்டுக்கு மேலும் பெற்றது.

நாவலுக்கு வருவோம். பின்னபெர்க் வேலை செய்யும் கடையில் ஒவ்வொரு விற்பனையாளனும் மாதந்தோறும் இவ்வளவு விற்றாக வேண்டும் என்ற விதி வருகிறது. வாங்குவார் குறைந்துபோன காலத்தில் விற்றே தீர வேண்டும் என்ற விதி! சக ஊழியர்கள் ஒருவருக்கொருவர் பகையாகிறார்கள். வாடிக்கையாளனைக் கண்டால் கைகூப்பிக் கெஞ்சும் நிலைக்குப் பின்னபெர்க் வருகிறான். அப்படி ஒரு நடிகரிடம் கெஞ்சியதே அவன் வேலை பறிபோகக் காரணமாகிறது. மகப்பேற்று உதவித்தொகைக்காகச் சான்றிதழ் மேல் சான்றிதழ் கேட்கும் அலுவலகத்தின் முன் அவன் அலையும் பகுதிகள் கசப்பான நகைச்சுவையோடு எழுதப்பட்டுள்ளன. இறுதியில், கழுத்துப்பட்டை இல்லாத கோலத்தில் ஒரு கடைக் கண்ணாடி முன் நிற்கும் அவனை ஒரு போலீஸ்காரன் நடைபாதையிலிருந்து கீழே தள்ளுகிறான். இனி அவன் மரியாதைப்பட்டவர்களின் உலகத்தைச் சேர்ந்தவன் அல்லன் என்பது அந்த ஒரு தள்ளலில் அவனுக்கு விளங்கிவிடுகிறது.

இக்கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் வேறொன்று. பெர்லினில் முதல் சம்பளம் வாங்கிய அன்று பின்னபெர்க் பட்டியலையெல்லாம் மறந்து, மனைவிக்காக ஓர் அலங்கார மேசையை வாங்கி வந்துவிடுகிறான். வீட்டுக் கணக்கின்படி அது மன்னிக்க முடியாத பிழை. நாட்டுக் கணக்கின்படியோ அந்த மேசை ஒரு தச்சனுக்குக் கூலி, ஒரு கடைக்காரனுக்கு வியாபாரம், ஒரு வண்டிக்காரனுக்கு வாடகை. அந்த ஆண்டு ஜெர்மனியில் பொருளாதாரத்துக்கு நன்மை செய்த செயல் எது என்றால், புரூனிங்கின் சட்டங்களைக் காட்டிலும் பின்னபெர்க்கின் அந்த அசட்டு அன்பையே நான் சுட்டுவேன். ஃபல்லாடா இதை எண்ணி எழுதவில்லை. ஆனால் உண்மையோடு எழுதுகிறவனின் கை, அவன் அறியாததையும் சில சமயம் எழுதிவிடுகிறது.

நாவலின் குறையையும் சொல்ல வேண்டும். நடைபாதையிலிருந்து தள்ளப்பட்டவன் திரும்பிவந்து மனைவியின் அன்பில் அமைதி காண்கிறான்; கதை முடிகிறது. நகருக்கு வெளியே ஒரு தோட்டக் குடிசையில் இரண்டு உள்ளங்களுக்குள் பதுங்கிக்கொள்ளலாம் என்பதே ஃபல்லாடா தரும் விடை. அந்தக் குடிசையின் கதவையும் வரலாறு தட்டும் என்பதை அவர் காணவில்லை. காணவில்லை என்பதைவிட, அரைகுறையாகக் கண்டார் எனலாம். லாட்டர்பாக் என்ற நாஜித் தொண்டன் ஒருவன் முதற்பகுதியில் வருகிறான். சிற்றூர் வாழ்க்கையின் சலிப்புத் தாங்காமல் சண்டைக்காகவே கட்சியில் சேர்ந்தவன் அவன். ஹிட்லர் பதவிக்கு வந்தபின் வெளியான பதிப்பில் அதே லாட்டர்பாக் ஒரு கால்பந்தாட்டக்காரனாக மாற்றப்பட்டான். ‘இனி என்ன?’ என்று தலைப்பிலேயே கேட்ட நூலுக்கு இதைவிடக் கசப்பான விடை வேறு இருக்க முடியாது.

ஹாங்கி பார்க்கின் விசாரணை

கிரீன்வுட் வெளியிலிருந்து ஏழ்மையைப் பார்க்க வந்தவர் அல்லர். ஸால்ஃபர்ட் நகரின் ஹாங்கி பார்க் சேரியில் 1903-இல் பிறந்து, வேலையற்றிருந்த காலத்தில் இந்நாவலை எழுதியவர். அடகுக்கடை, பந்தயத் தரகர், இடைவெளியின்றி ஒட்டிய சிறு வீடுகள், ஆலைச் சங்கு: இவையே அவருடைய உலகம். ஹாரி ஹார்ட்காஸில் என்ற இளைஞன் ஏழாண்டுகள் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாக உழைக்கிறான். பயிற்சி முடிந்து முழுக்கூலி கேட்கும் தகுதி வந்த அன்று வெளியேற்றப்படுகிறான். அவன் இடத்துக்குக் குறைந்த கூலியில் இன்னொரு சிறுவன் வருகிறான். இந்தச் சக்கரத்தை விளக்கப் பொருளியல் பாடம் எதுவும் வேண்டியதில்லை.

1931-இல் பிரிட்டனில் நடந்ததை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஜூலை இறுதியில் வெளியான மே குழுவின் அறிக்கை, வரவு செலவுத் திட்டத்தில் 12 கோடி பவுன் துண்டு விழும் என்று எச்சரித்தது. நாணயத்தைக் காக்கக் கடன் வேண்டும். கடன் கிடைக்க வேண்டுமானால் செலவு குறைய வேண்டும். செலவு குறைய வேண்டுமானால் வேலையில்லாதோர் உதவித்தொகை குறைய வேண்டும் என்று வாதம் ஓடியது. பத்து விழுக்காட்டு வெட்டில் தொழிற்கட்சி அமைச்சரவை பிளந்து ஆகஸ்டில் வீழ்ந்தது. அதே ராம்ஸே மக்டொனால்ட் தலைமையில் தேசிய அரசாங்கம் ஒன்று அமைந்தது. வயது வந்த ஆணுக்கு வாரம் 17 ஷில்லிங்காக இருந்த தொகை 15 ஷில்லிங் 3 பென்ஸ் ஆயிற்று. எந்த நாணயத்தைக் காக்க இத்தனையும் செய்தார்களோ, அந்தப் பவுன் ஒரு மாதம் முடிவதற்குள் தங்கத்திலிருந்து விலகியது. வானம் இடிந்து விழவில்லை. வட்டி குறைந்தது, தென்பகுதிகளில் வீடு கட்டும் தொழில் தழைத்தது. ஆனால் நாணயத்துக்காக வெட்டப்பட்டது, நாணயம் கைவிடப்பட்ட பின்னும் வெட்டப்பட்டதாகவே இருந்தது. 1934-இல்தான் அது மீட்டுத் தரப்பட்டது.

வெட்டைக் காட்டிலும் கொடியதாக மக்கள் நெஞ்சில் நின்றது வருமான விசாரணை. காப்பீட்டு உரிமை தீர்ந்தவர்களுக்கு உதவி தருமுன், அந்த வீட்டில் யார் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று அதிகாரி வந்து கணக்கெடுப்பார். மகள் சம்பாதித்தால் தந்தைக்குக் குறையும். தந்தைக்கு உதவி வந்தால் மகனுக்கு இல்லை. பெற்றோரின் தொகை குறையாதிருக்கப் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறிய நிகழ்ச்சிகள் உண்டு. கூட்டுக் குடும்பத்தின் அருமை தெரிந்த நமக்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. அன்பினால் பகிர்ந்துகொள்வது வேறு. சட்டத்தின் பெயரால் ஒருவர் சோற்றை மற்றவர் கணக்கில் எழுதுவது வேறு.

கிரீன்வுட் இதைத்தான் கதையாக்கினார். அக்காவின் கூலியும் தந்தையின் உதவித்தொகையும் வீட்டுக்கு வருவதால் ஹாரிக்கு ஒன்றுமில்லை என்று ஆகிறது. அவன் அக்கா ஸாலி, லாரி மீத் என்ற சிந்தனையாளனான தொழிலாளியை நேசிக்கிறாள். லாரியின் வேலை போகிறது, திருமணம் தள்ளிப்போகிறது. வெட்டை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் தடியடிக்கு ஆளாகி, ஏற்கெனவே நலிந்திருந்த உடலோடு அவன் இறந்துபோகிறான். 1931 அக்டோபர் 1-இல் ஸால்ஃபர்ட்டின் பெக்ஸ்லி சதுக்கத்தில் உண்மையாகவே நடந்த மோதலே இப்பகுதிக்கு அடிப்படை. அதன்பின் ஸாலி, ஊரில் செல்வாக்குப் படைத்த பந்தயத் தரகன் ஸாம் கிரண்டியின் ஆசைக்கு இணங்குகிறாள். அதற்கு விலையாகத் தந்தைக்கும் தம்பிக்கும் பஸ் கம்பெனியில் வேலை கிடைக்கிறது.

இந்த முடிவைச் சிலர் மிகைப்பட்ட சோகம் என்பர். நான் அப்படிக் கருதவில்லை. அரசின் கணக்குப் புத்தகத்தில் மிச்சமான சில ஷில்லிங் எங்கே செலவாக எழுதப்பட்டது என்பதைக் காட்டுவதே அந்த முடிவு. ஒரு பெண்ணின் மானத்தில் அது எழுதப்பட்டது. சீற்றத்தோடு நிற்கும் தந்தையை நோக்கி, இந்த வீட்டைத் தாங்க உங்களால் முடிந்ததா என்ற பொருளில் ஸாலி கேட்கும்போது, அவர் வாயடைத்துப் போவது அந்த ஆண்டுகளின் வரலாற்றையே சுருக்கிச் சொல்கிறது.

கலைக் குறைகள் இந்நாவலில் மிகுதி. லாரி மீத் பல இடங்களில் பாத்திரமாகப் பேசாமல் மேடையில் பேசுகிறான். ஆசிரியரின் கருத்துகள் அவன் வாயில் திணிக்கப்பட்டுள்ளன. ஆனால் அடகு மூட்டையோடு திங்கட்கிழமை காலையில் வரிசையில் நிற்கும் முதிய பெண்களின் பேச்சு அசல் உயிர்த்துடிப்பு உடையது. வைகறையில் ஜன்னல்களைத் தட்டி ஆலைத் தொழிலாளரை எழுப்பும் குருட்டு ஜோ தொடக்கத்தில் வருகிறான். இறுதியிலும் ஏறத்தாழ அதே காட்சி திரும்ப வருகிறது. இடையில் இத்தனை நடந்தும் எதுவும் மாறவில்லை என்பதை ஒரு சொல்லும் கூட்டாமல் உணர்த்திவிடுகிறார். இந்நாவலைத் திரைப்படமாக்கும் முயற்சியைப் பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் 1936-இல் தடுத்தார்கள். போர் வந்து வேலையின்மை நீங்கிய பிறகே, 1941-இல் படம் வெளிவந்தது. குடும்ப வருமான விசாரணையும் அதே 1941-இல்தான் நீக்கப்பட்டது.

ஜோடு குடும்பத்தின் 154 டாலர்

ஸ்டைன்பெக்கின் களம் பெரிது. ஓக்லஹோமாவின் ஸாலிஸா அருகே குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்படும் ஜோடு குடும்பம், வீட்டுச் சாமான்களை 18 டாலருக்கு விற்று, ஒரு பழைய வண்டியில் கலிபோர்னியாவுக்குப் புறப்படுகிறது. புறப்படுமுன் இருப்பதையெல்லாம் கூட்டிப் பார்க்கிறார்கள்: 154 டாலர். இங்கும் ஒரு வீட்டுக் கணக்கு.

அவர்களை விரட்டியது எது? வங்கி என்கிறது நாவல். பசித்த பூதம்போல் இலாபத்தை உண்டே உயிர்வாழும் வங்கியும், மண்ணை அறியாத இரும்புக் கலப்பையான டிராக்டரும் சேர்ந்து விரட்டின என்று காவியச் சாயலோடு எழுதுகிறார் ஸ்டைன்பெக். அந்த இயல்களின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. 1933 மே மாதம் ரூஸ்வெல்ட் அரசாங்கம் இயற்றிய வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம், விலையை உயர்த்துவதற்காக விளைச்சலைக் குறைக்கும்படி நில உடைமையாளருக்குப் பணம் கொடுத்தது. அந்த ஆண்டு ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. ஏறத்தாழ 60 இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. பயிரிடும் பரப்புக் குறைந்தபோது வாரக்குடிகள் தேவையற்றுப் போனார்கள். அரசு தந்த பணத்தில் பங்கு அவர்களுக்குச் சேர வேண்டியிருந்தும் பல இடங்களில் சேரவில்லை. அந்தப் பணத்தில் சில உடைமையாளர்கள் டிராக்டரும் வாங்கினார்கள். இந்த அநீதியை எதிர்த்து 1934-இல் ஆர்க்கன்ஸாஸில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சங்கமாகத் திரண்டனர். குடிகளின் பக்கம் பேசிய சட்ட அலுவலர்கள் 1935-இல் வேளாண்மைத் துறையிலிருந்தே நீக்கப்பட்டனர்.

ஆகவே ஜோடு குடும்பத்தின் குடிசையை இடித்த டிராக்டருக்குப் பின்னால் வங்கி மட்டுமன்று, குடியானவனைக் காக்கப் புறப்பட்ட அரசாங்கமும் நின்றிருக்கக்கூடும். ஆரஞ்சுப் பழங்களின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றப்படுவதையும், பசித்தவர் பார்த்திருக்க உருளைக்கிழங்கு ஆற்றில் கொட்டப்படுவதையும் நெஞ்சு கொதிக்க எழுதிய ஆசிரியர், விலைக்காக விளைபொருளை அழிப்பது தனியார் பேராசை மட்டுமன்று, அரசின் கொள்கையாகவும் இருந்தது என்பதை எழுதவில்லை. இது சிறு விடுதல் அன்று.

ஆனால் அரசாங்கத்தின் இன்னொரு முகத்தை அவர் எழுதினார். வீட்பாட்ச் முகாம் வரும் இயல்கள் நாவலின் இதயம். கலிபோர்னியாவில் ஆர்வின் அருகே அரசு உண்மையாகவே நடத்திய முகாமை ஸ்டைன்பெக் நேரில் கண்டவர். அதன் பொறுப்பாளர் டாம் காலின்ஸுக்கும் நூலைக் காணிக்கையாக்கியவர். அங்கே வெந்நீர் உண்டு, கழிப்பறை உண்டு, முகாம்வாசிகளே தேர்ந்தெடுத்த குழு உண்டு. ஆணையின்றிப் போலீஸ் நுழைய முடியாது. வழியெல்லாம் நாய்போல் விரட்டப்பட்ட ஜோடு குடும்பத்துத் தாய், தாங்களும் மனிதர்கள்தாம் என்பதை அங்கேதான் மீண்டும் உணர்கிறாள். ஹாங்கி பார்க்குக்கு அரசாங்கம் விசாரணை அதிகாரியாக வந்தது. வீட்பாட்சில் அது விருந்தோம்புபவனாக நின்றது. ஒரே காலம், ஒரே வறுமை. வந்து நின்ற கோலம்தான் வேறு.

ஸ்டைன்பெக்கின் நேர்மை அடுத்த இயலில் வெளிப்படுகிறது. அந்த முகாமைச் சுற்றி வேலை இல்லை. மானம் கிடைத்தது, சோறு கிடைக்கவில்லை. குடும்பம் வெளியேற நேர்கிறது. உண்மையும் அதுவே. 1935-இன் தொழிலாளர் உறவுச் சட்டத்திலும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் பண்ணைத் தொழிலாளருக்கு இடமளிக்கப்படவில்லை. தென்மாநிலக் கறுப்பின வாரக்குடிகளும், அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து பெருந்திரளாக வெளியேற்றப்பட்ட மெக்ஸிகோ வம்சாவளியினரும் இந்த மாபெரும் நாவலில் நிழலாகவே நின்றுவிடுகிறார்கள். புதிய ஏற்பாட்டின் கைக்கெட்டாதவர்கள், அதைப் போற்றிய நாவலின் கண்ணுக்கும் ஓரளவு எட்டாமலே போனார்கள்.

ரூஸ்வெல்ட்டையும் வீட்டுக் கணக்குப் பூதம் விட்டபாடில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதவியேற்ற மாதத்திலேயே அரசு ஊழியர் ஊதியத்தையும் முன்னாள் படைவீரர் உதவியையும் வெட்டியவர் அவர். நிலைமை சற்றே தேறியதும், 1937-இல் வரவு செலவைச் சமன் செய்யப் போகிறேன் என்று செலவைச் சுருக்கினார்; மறுபடியும் ஆலைகள் நின்றன, இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். 1938-இல் அவர் பாதையை மாற்றிக்கொண்டார். ஸ்டைன்பெக் தம் நாவலை எழுதியதும் அந்த 1938-இல்தான்.

கணக்கை யாருக்காகத் திறப்பது?

மூன்று நாவல்களையும் மூடிவைத்துவிட்டு எண்ணிப் பார்க்கும்போது ஓர் எளிய முடிவுக்கு வரத் தோன்றும்: அரசாங்கம் கஞ்சத்தனத்தை விட்டுத் தாராளமாகச் செலவழித்திருந்தால் எல்லாம் நலமாயிருக்கும் என்று. இந்த முடிவு பாதி உண்மை. ஸ்வீடனில் 1932-இல் ஆட்சிக்கு வந்த சமூக ஜனநாயகக் கட்சி, குடியானவர் கட்சியோடு உடன்பாடு செய்துகொண்டு, பொதுப்பணிகளில் உழைப்பவருக்கு முறையான கூலி தந்தது. மக்களாட்சி அங்கே காயமின்றிப் பிழைத்தது. அதற்கு நாணய மதிப்புக் குறைந்ததால் பெருகிய ஏற்றுமதியும் உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மறுபாதியை ஜெர்மனி சொல்கிறது. புரூனிங்கின் பட்டியலைக் கிழித்தெறிந்து, கடன் வாங்கிச் செலவழித்து, சில ஆண்டுகளிலேயே வேலையின்மையை ஒழித்துக் காட்டியவர் ஹிட்லர். அந்தச் செலவில் பெரும்பகுதி படைக்கலங்களுக்குப் போயிற்று. பின்னபெர்க்குக்கு வேலை கிடைத்திருக்கும். சில ஆண்டுகள் கழித்து அவன் கையில் துப்பாக்கியும் கிடைத்திருக்கும். ஆகவே, கணக்குப் புத்தகத்தை மூடுவதா திறப்பதா என்பது மட்டும் கேள்வியன்று. யாருக்காகத் திறக்கிறோம், எதற்காகத் திறக்கிறோம் என்பதும் கேள்வியே. அலங்கார மேசைக்காகத் திறப்பதற்கும் பீரங்கிக்காகத் திறப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளியல் அட்டவணை காட்டாது. இரண்டும் அங்கே ‘செலவு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடும்.

அந்த வேறுபாட்டைக் காட்டுவதனாலேயே இந்நாவல்கள் இன்றும் நமக்குத் தேவைப்படுகின்றன. கலைத்தரத்தில் இவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால், ஸ்டைன்பெக்கின் வீச்சை முதலிலும், ஃபல்லாடாவின் நுண்மையை அடுத்தும், கிரீன்வுட்டின் நேர்மையை மூன்றாவதாகவும் வைப்பேன். ஆனால் அரசாங்கத்தின் ஒரு சொல் ஒரு வீட்டை எப்படிக் குலைக்கும் என்பதை அறிய எந்த நூலை முதலில் கையிலெடுக்கலாம் என்று ஓர் இளைஞர் கேட்டால், தயங்காமல் கிரீன்வுட்டையே கொடுப்பேன். ஏனெனில் மற்ற இருவரும் நம்மை இரங்கச் செய்கிறார்கள். அவர் நம்மை வெட்கப்படச் செய்கிறார்.

நாட்டின் நிதிநிலை பற்றிப் பேசும் எவரும், நாட்டை ஒரு குடும்பமாக உவமிப்பதை இன்றும் கேட்கிறோம். அழகிய உவமைதான். ஆனால் எந்த நல்ல குடும்பமும் பஞ்சம் வந்தபோது முதலில் பிள்ளைகளின் தட்டிலிருந்து எடுப்பதில்லை. நாட்டைக் குடும்பமென்று சொல்கிறவர்கள் குடும்பத்தின் கணக்கை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, குடும்பத்தின் அன்பை விட்டுவிடுகிறார்கள். ஸாலி தன் தந்தையிடம் கேட்ட கேள்வி அவர்களை நோக்கியும் நிற்கிறது.